நிறுவனர் எழுந்த நாற்காலி: ஜோஹோ வழியா, ஃப்ரெஷ்வொர்க்ஸ் வழியா, இன்ஃபோசிஸ் வழியா?

கோவையில் மோட்டார் பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் முதலாளிக்கு வருகிற சித்திரையில் 70 வயது நிறைகிறது. 19 ஆண்டுகளாக அவருடைய கணக்குகளைத் தணிக்கை செய்கிறேன். ஆளை அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பம்ப் என்று சொன்னதுகூட உண்மைதானா என்று யாரும் துருவ வேண்டாம்.

2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், 196-ஆவது பிரிவின்படி, 70 வயதைக் கடந்த ஒருவர் நிர்வாக இயக்குநராகத் தொடர வேண்டுமானால் பங்குதாரர்கள் சிறப்புத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். பதிவாகும் வாக்குகளில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு தேவை. அவரும் அவர் மனைவியுமே 80 சதவீதப் பங்கை வைத்திருக்கிறார்கள் என்பதால் அது ஐந்து நிமிட வேலை. தீர்மானத்தைத் தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு போனேன். படித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஆடிட்டர் சார், இதைப் போடாமல் விட்டால் என்ன ஆகும்?" என்றார்.

பிறகு இழுப்பறையிலிருந்து பழைய டைரி ஒன்றை எடுத்தார். அதில் மூன்று பெயர்கள். முதலாவது, 28 ஆண்டுகளாக உடன் இருக்கும் ஒர்க்ஸ் மேனேஜர். இரண்டாவது, புனேயில் பெரிய நிறுவனம் ஒன்றில் துணைத் தலைவராக இருப்பவர். ஆள் தேடித் தரும் ஏஜென்சி கைகாட்டியது. மூன்றாவது, மகள். அந்தப் பெயருக்கு எதிரே ஒரு கேள்விக்குறி. "ஜோஹோவில் கொடுத்தார்களே, அந்த மாதிரிச் செய்துவிடலாமா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்று நான் உருப்படியாகப் பதில் சொல்லவில்லை. ஒரு வாரம் உட்கார்ந்து யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே டைரி கோவை, திருப்பூர், ஓசூர் என்று பல இழுப்பறைகளில் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும்.

உடன் வளர்ந்தவரிடம் கொடுப்பது

ஸ்ரீதர் வேம்பு 2025 ஜனவரி 27 அன்று, தாம் மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கிய மென்பொருள் நிறுவனமான ஜோஹோவின் தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பிலிருந்து விலகித் தலைமை விஞ்ஞானி ஆனார். செயற்கை நுண்ணறிவில் நடக்கிற மாற்றங்களைப் பார்த்தால் ஆராய்ச்சியில் முழு நேரமும் இறங்க வேண்டியிருக்கிறது என்று காரணம் சொன்னார். அந்த இடத்துக்கு வந்தவர் இணை நிறுவனர்களில் ஒருவரான சைலேஷ் குமார் டேவி.

பத்திரிகைகள் இதைத்தான் பெரிதாகப் போட்டன. என் கண்ணில் பட்டது, பொறுப்பைப் பிரித்த விதம். குழுமத்துக்கு டேவி. அமெரிக்க வணிகத்துக்கு இன்னொரு இணை நிறுவனரான டோனி தாமஸ். மேனேஜ்எஞ்சின் பிரிவுக்கு ராஜேஷ் கணேசன். ஜோஹோ டாட் காம் பிரிவுக்கு மணி வேம்பு. ஒரு மூட்டையை அவிழ்த்து நான்கு பேர் தலையில் வைத்திருக்கிறார். அதோடு, ஸ்ரீதர் வேம்பு 2019-லேயே கலிஃபோர்னியாவை விட்டுத் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறைக்குக் குடிவந்துவிட்டார். 'தினம் தினம் முதலாளி பக்கத்து அறையில் இருப்பார்' என்ற பழக்கம் அந்த நிறுவனத்துக்கு அப்போதே விட்டுப்போயிருக்கும். பங்குச் சந்தைக்குப் போகாத நிறுவனம் என்பதால், மறுநாள் காலையில் விலை விழுந்ததா ஏறியதா என்று பார்க்கவும் யாருக்கும் வேலை இல்லை.

இந்த வழியில் வருகிறவருக்கு நிறுவனத்தின் வரலாற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்த டீலர் மார்ச் மாதம் மட்டும் பணம் கட்டுவார், எந்த வார்ப்பாலையின் காஸ்டிங்கில் ஊசித்துளை விழும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். சம்பளமும் கட்டுக்குள் இருக்கும்.

இதில் சிக்கலே வராது என்று நினைத்துவிட வேண்டாம். 2000 ஜனவரியில் பில் கேட்ஸ் பொறுப்பை ஒப்படைத்தது ஸ்டீவ் பால்மரிடம். கல்லூரித் தோழர், 1980 முதல் மைக்ரோசாஃப்டில் இருந்தவர். அதைவிட நெருக்கமான ஆள் கிடைக்க மாட்டார். கேட்ஸ் தலைவராகவும் தலைமை மென்பொருள் வடிவமைப்பாளராகவும் உள்ளேயே இருந்தார். ஆனால் தொடக்கத்தில் இருவருக்கும் நன்றாகவே உரசியது என்பது பின்னாளில் வெளியே வந்தது. முடிவு யாருடையது என்ற தெளிவு இல்லாவிட்டால் நண்பன் என்பதால் உரசல் குறையாது. நண்பனிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாது என்பதால் கொஞ்சம் கூடவே செய்யும்.

இன்னொரு குறை, உடன் வளர்ந்தவருக்கு உடன் வயதும் ஆகியிருக்கும். என் கட்சிக்காரரின் ஒர்க்ஸ் மேனேஜருக்கு 58. இவரை நியமிப்பதன் மூலம் அவர் வாங்குவது ஏழெட்டு ஆண்டு அவகாசம். அதற்குள் அடுத்த ஆளை உருவாக்காவிட்டால் இதே டைரியை மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.

பக்கவாசல் வழியாக வெளியாள்

கிரிஷ் மாத்ருபூதம் ஒரு காலத்தில் ஜோஹோவில் வேலை பார்த்தவர். வெளியே வந்து 2010-இல் சென்னையில் தொடங்கியதுதான் பிற்பாடு ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் ஆனது. (பழைய வீடும் புது வீடும் பிறகு அமெரிக்க நீதிமன்றம் வரை போய்ச் சமரசமானது தனிக் கதை.) 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் ஒரு பங்கு 36 டாலர் என்ற விலையில் பட்டியலிட்டார்கள். பட்டியலிட்ட பிறகு நிறுவனர் மட்டும் முதலாளி இல்லை. காலாண்டுக்கு ஒருமுறை கணக்குக் கேட்க ஆள் வந்துவிட்டார்கள்.

அவர் செய்தது மூன்று படி. 2022 செப்டம்பரில் டெனிஸ் உட்சைடை பிரெசிடென்ட் பதவியில் அமர்த்தினார். மோட்டரோலா மொபிலிட்டியில் தலைமைச் செயல் அதிகாரியாகவும் டிராப்பாக்ஸில் தலைமை இயக்க அதிகாரியாகவும் இருந்தவர் அவர். 20 மாதம் பக்கத்தில் வைத்து வேலை வாங்கிவிட்டு, 2024 மே மாதம் தலைமைச் செயல் அதிகாரி ஆக்கினார். தாம் செயல் தலைவர் ஆனார். 2025 டிசம்பரில் அந்தப் பதவியையும் விட்டுவிட்டு, ஏற்கெனவே தொடங்கியிருந்த முதலீட்டு நிதியின் பக்கம் போய்விட்டார். ஊரில் வீட்டோடு மாப்பிள்ளை எடுப்பவர்கள் இதைத்தான் செய்வார்கள். முதலில் வீட்டுக்குள் வைத்துப் பார்ப்பது, பிறகு வரவு செலவை ஒப்படைப்பது, கடைசியில் பெரியவர் காசிக்குக் கிளம்புவது.

இவ்வளவு நிதானமாகச் செய்தும் சந்தை சும்மா விடவில்லை. மாற்றத்தை அறிவித்த மறுநாள் பங்கு விலை ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு விழுந்தது. அன்றே வருவாய் மதிப்பீட்டைக் குறைத்துச் சொன்னதும் அதற்குக் காரணம். அதே ஆண்டு நவம்பரில் புதியவர் 13 சதவீத ஊழியர்களை, சுமார் 660 பேரை, வீட்டுக்கு அனுப்பினார்.

இந்த 660 என்ற எண்ணில்தான் வெளியாளைக் கொண்டுவருவதன் பொருள் அடங்கியிருக்கிறது. நிறுவனர் செய்யத் தயங்குகிற வேலைக்குத்தான் பல நேரம் வெளியாள் வருகிறார். என் கட்சிக்காரரின் தொழிற்சாலையில் 210 பேர். அதில் 13 சதவீதம் என்றால் 27 பேர். அவர்களில் பாதிப் பேருடைய பிள்ளைகளின் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர் அவர். அப்படிப்பட்டவரால் அதைச் செய்ய முடியாது என்பது நிஜம். செய்ய வேண்டிய தேவை அங்கே இருக்கிறதா என்பது வேறு கேள்வி. எனக்கு இல்லை என்றே படுகிறது.

இந்த வழியின் செலவையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆண்டு இரண்டு தலைகளுக்குச் சம்பளம். நாஸ்டாக் நிறுவனம் வருகிறவருக்குப் பங்காகக் கொடுத்து ஈடுகட்டலாம். அவர் அதைச் சந்தையில் விற்றுக்கொள்வார். பட்டியலிடாத பம்ப் கம்பெனியின் பங்கை வைத்துக்கொண்டு புனேக்காரர் என்ன செய்வார்? ரொக்கமாகத்தான் கேட்பார். அவர் கேட்ட தொகை ஒர்க்ஸ் மேனேஜரின் சம்பளத்தைப் போல நான்கரை மடங்கு. சம்பளப் பட்டியல் ரகசியம் என்று முதலாளிகள் நம்புகிறார்கள். டீக்கடை வரை தெரிந்திருக்கும்.

நேராக வெளியாள்

இன்ஃபோசிஸ் கதை ஒரே நிறுவனத்துக்குள் எல்லா வழியையும் பார்த்துவிட்ட கதை. 1981-இல் ஏழு பேர் சேர்ந்து தொடங்கியது. 2002 வரை நாராயண மூர்த்தி. பிறகு நந்தன் நிலேகணி, 2007-இல் கிரிஸ் கோபாலகிருஷ்ணன், 2011-இல் சிபுலால். எல்லோரும் நிறுவனர்கள். முதல் வழியையே முறை வைத்துச் செய்தார்கள். ஒவ்வொருவரும் திறமைசாலிதான். ஆனால் அடுத்த தலைவர் யார் என்று தொழிலின் தேவை சொல்ல வேண்டிய இடத்தில் வரிசை சொன்னது என்ற விமர்சனம் அப்போதே இருந்தது. 2012-இல், சென்னையில் 1994-இல் பிறந்த காக்னிசன்ட் காலாண்டு வருவாயில் இன்ஃபோசிஸைத் தாண்டிப் போனது.

2011 ஆகஸ்டில் தலைவர் பதவியிலிருந்து ஓய்வு பெற்ற மூர்த்தி, 2013 ஜூனில் செயல் தலைவராகத் திரும்பி வந்தார். ஆண்டுச் சம்பளம் 1 ரூபாய். உடன் மகன் ரோஹன், நிர்வாக உதவியாளராக. அந்த ஓராண்டில் மேல்மட்டத்திலிருந்து பலர் வெளியேறினார்கள். நிறுவனர் திரும்பி வரும்போது இது நடக்கும்: காத்திருந்தவர்களுக்குத் தங்கள் முறை இனி வராது என்று தெரிந்துவிடும்.

2014 ஆகஸ்டில் முதன்முறையாக நிறுவனர் அல்லாத ஒருவர் வந்தார். எஸ்ஏபி என்ற ஜெர்மன் மென்பொருள் நிறுவனத்திலிருந்து விஷால் சிக்கா. மூர்த்தி முழுமையாக வெளியே போனார். ஆனால் நிறுவனர்களும் அவர்கள் குடும்பத்தாரும் கையில் வைத்திருந்த சுமார் 12.75 சதவீதப் பங்கு அங்கேயே இருந்தது. 20 கோடி டாலருக்குப் பனாயா என்ற மென்பொருள் நிறுவனத்தை வாங்கியது, விலகிய நிதி அதிகாரிக்குப் பேசிய 17.38 கோடி ரூபாய், சிக்காவின் சம்பளம் என்று ஒவ்வொன்றாகக் கேள்விகள் எழுந்தன. அவை ஞாயமான கேள்விகளா இல்லையா என்று இங்கே தீர்ப்பு எழுதப் போவதில்லை. கேட்ட இடம்தான் எனக்கு முக்கியம். இயக்குநர் குழுவில் மூர்த்திக்கு நாற்காலி இல்லை. ஆகவே பேச்சு பத்திரிகைகளில் நடந்தது. 2017 ஆகஸ்ட் 18 அன்று சிக்கா விலகினார். பங்கு ஒரே நாளில் கிட்டத்தட்ட 10 சதவீதம் விழுந்தது. இயக்குநர் குழு மூர்த்தியைக் குற்றம் சாட்டியது. அடுத்த வாரம் தலைவர் சேஷசாயியும் போனார். அசோக் லேலண்டை நடத்தியவர். இந்த மாதிரிப் பஞ்சாயத்தில் மாட்டிக்கொண்டது பாவம்.

இதோடு கதையை நிறுத்துகிறவர்கள், 'பார்த்தீர்களா, வெளியாள் ஒத்துவர மாட்டார்' என்பார்கள். அடுத்து நடந்ததைப் பாருங்கள். 2018 ஜனவரியில் வந்த சலீல் பரேக்கும் வெளியாள்தான், கேப்ஜெமினியிலிருந்து வந்தவர். 2022-இல் அவரது பதவிக்காலம் 2027 வரை நீட்டிக்கப்பட்டது. அதே நிறுவனம், அதே நிறுவனர்கள். மாறியது ஒன்றுதான்: 2017 ஆகஸ்டிலேயே நிலேகணி செயல்சாராத் தலைவராக, அதாவது அன்றாட நிர்வாகத்தில் கை வைக்காத தலைவராக, வந்து உட்கார்ந்துவிட்டார். நிறுவனர்கள் பக்கத்தின் மனக்குறை நுழைய உள்ளே ஒரு வாசல் கிடைத்தது. தெருவில் நின்று பேச வேண்டியதில்லாமல் போயிற்று.

இதைச் சிறிய அளவில் நானே பார்த்திருக்கிறேன். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் வேறொரு கட்சிக்காரர், வார்ப்பாலை நடத்தியவர், வெளியிலிருந்து ஒருவரைத் தலைமைச் செயல் அதிகாரியாகக் கொண்டுவந்தார். பெயர்ப்பலகை, கார், தனி அறை எல்லாம் கொடுத்தாயிற்று. தினமும் 11 மணிக்கு மாடியில் கொள்முதல் கூட்டம். ஒருநாள் நானும் இருந்தேன். பிக் அயர்ன், அதாவது உருக்கி வார்க்கும் கச்சா இரும்பு, வாங்கும் இடத்தை மாற்றலாம் என்று புதியவர் கணக்குப் போட்டுக் காட்டினார். டன்னுக்கு நல்ல மிச்சம். கொள்முதல் மேலாளர் தலையாட்டினார், குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். கூட்டம் முடிந்து நான் படியிறங்கி வரும்போது, அந்த மேலாளர் எனக்கு முன்னாலேயே கீழே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். அங்கே பிளாஸ்டிக் நாற்காலியில் பெரியவர். கையில் மோர் டம்ளர். அவர் ஒன்றும் சொல்லவில்லை. உதட்டைப் பிதுக்கினார், அவ்வளவுதான். வாங்கும் இடம் மாறவில்லை. 14-ஆவது மாதம் புதியவர் போய்விட்டார். காசோலையில் கையெழுத்துப் போடும் அதிகாரம் அவருக்குக் கடைசி நாள்வரை வரவே இல்லை. தவறு அந்தப் பெரியவருடையது மட்டும் என்று சொல்ல மாட்டேன். வங்கிக்கு அனுப்ப வேண்டிய தீர்மானத்தை நானும் நினைவூட்டாமல் இருந்துவிட்டேன்.

மகளும் வங்கியும்

மகளைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. சென்னையில் கண் மருத்துவர். வர மாட்டார் என்று அவரே சொல்லிவிட்டார். ஆனால் அந்தக் கேள்விக்குறியை அடித்துவிட வேண்டியதில்லை. திருச்செந்தூர்ப் பக்கத்து மூலைப்பொழியில் பிறந்த ஷிவ் நாடார், எச்சிஎல் டெக்னாலஜிஸின் தலைவர் பதவியை 2020 ஜூலையில் மகள் ரோஷ்ணியிடம் கொடுத்தார். அன்றாட நிர்வாகம் சி. விஜயகுமாரிடமே இருந்தது, 2016 முதல் அவர்தான் தலைமைச் செயல் அதிகாரி. கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு 1994-இல் எச்சிஎல்லில் சேர்ந்தவர். உடைமை ஒரு கையில், ஓட்டுவது இன்னொரு கையில். மருத்துவர் மகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இயக்குநர் குழுவில் வந்து உட்கார்ந்தால் போதும். அதற்கு வார்ப்புமணல் பற்றித் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

வங்கி விஷயத்தில்தான் பெரிய நிறுவனங்களின் கதை நமக்கு உதவாமல் போகிறது. என் கட்சிக்காரருக்கு 6 கோடி ரூபாய் கேஷ் கிரெடிட் வரம்பு, அதாவது அன்றாடச் செலவுக்கு வங்கியிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய கடன். அதற்கு அவரும் மனைவியும் தனிநபர் ஜாமீன். சாய்பாபா காலனி வீட்டுப் பத்திரம் வங்கியில். அவர் பதவியை விட்டாலும் அந்த ஜாமீன் விலகாது. புதிதாக வருகிற எந்தச் சம்பள அதிகாரியும் தன் வீட்டை ஜாமீன் வைக்க மாட்டார், வைக்கச் சொல்லவும் கூடாது. ஆக, முடிவெடுப்பவர் ஒருவர், வீடு போகும் ஆபத்து இன்னொருவருக்கு. வேப்பமரத்தடி நாற்காலிகள் பாதி இதனால்தான் முளைக்கின்றன. வெறும் அகங்காரம் என்று ஒதுக்கிவிட முடியாது.

தொழிற்சாலை உரிமமும் அப்படித்தான். நிறுவனம் என்றால் அதன் இயக்குநர்களில் ஒருவர்தான் ஆக்குபையர், அதாவது தொழிற்சாலைக்குச் சட்டப்படி பொறுப்பாளி. ஒர்க்ஸ் மேனேஜரை இயக்குநர் ஆக்காமல் தலைமைச் செயல் அதிகாரி என்று மட்டும் நியமித்தால், விபத்து நடந்தால் பதில் சொல்ல வேண்டியவர் வீட்டில் இருக்கும் பெரியவர். தனியார் நிறுவனத்தில் தலைமைச் செயல் அதிகாரி இயக்குநராக இருந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை என்பதால் பலர் இந்தக் குழியில் விழுகிறார்கள்.

ஒரு வாரம் கழித்துப் போய் நான் சொன்னது இது. புனேக்காரர் வேண்டாம். அவரிடம் குறை இல்லை. அவருக்கு இங்கே வேலை இல்லை. கம்பெனிக்குக் கடன் கழுத்தை நெரிக்கவில்லை, ஆள் குறைக்க வேண்டிய நிலை இல்லை, வெளி முதலீட்டாளர் யாரும் கதவைத் தட்டவில்லை. ஒர்க்ஸ் மேனேஜரிடம் கொடுங்கள், ஆனால் முழு மூட்டையையும் கொடுக்காதீர்கள். அவர் 28 ஆண்டில் ஒரு டீலர் கூட்டத்தில்கூடப் பேசியதில்லை. விற்பனையைத் தனியாக இளையவர் ஒருவரிடம் விடுங்கள். அந்த இளையவர் வெளியாளாக இருக்கட்டும். அடுத்த ஏழாண்டுக்குப் பக்கவாசல் அதுதான். மேனேஜரை இயக்குநர் ஆக்கி, நிர்வாக இயக்குநராக 5 ஆண்டுக்கு நியமியுங்கள். ஒரே தடவையில் அதற்கு மேல் நியமிக்கச் சட்டமும் விடாது. 25 லட்சம் வரை காசோலையில் அவர் கையெழுத்து மட்டும் போதும். அதற்கு மேலும், புதுக் கடன் எதுவானாலும், இயக்குநர் குழு. மகள் அந்தக் குழுவுக்குள். நீங்கள் செயல்சாராத் தலைவர். சொல்ல வேண்டியதைக் குழுவில் மட்டும் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் சரி என்றவர் கடைசி வாக்கியத்தில் மட்டும் நின்றார். "காலையில் எழுந்து நான் எங்கே போவது?" என்று கேட்டார்.

வேம்புவுக்கு ஆய்வு வேலையும் தென்காசியும் இருந்தன. கிரிஷுக்கு முதலீட்டு நிதி இருந்தது. எனக்குத் தெரிந்து கைமாறல் குலைந்த இடங்களில் எல்லாம் வெளியேறியவருக்குப் போக இடம் இல்லாமல் இருந்தது. இவருக்குக் கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு தோப்பு இருக்கிறது. தேங்காய்க் கணக்குப் பார்ப்பது அவருக்குப் பிடிக்காது. சோலார் பம்புக்கு ஒரு கன்ட்ரோலர் செய்ய வேண்டும் என்று பத்து ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பழைய ஸ்டோர் அறையைக் காலி செய்து அதற்கு ஒரு பெஞ்சு போடலாமே என்றேன். ஸ்டோர் அறை தொழிற்சாலையின் பின்பக்கம், தனி கேட் உள்ள இடம். அலுவலகத்தைக் கடக்காமல் போய் வரலாம். அதைக் கவனித்துவிட்டு லேசாகச் சிரித்தார்.

தீர்மானங்கள் தயாராகிவிட்டன. ஒர்க்ஸ் மேனேஜருக்கு இயக்குநர் அடையாள எண் வாங்க விண்ணப்பித்தாயிற்று. டீலர்களுக்கு ஆண்டுதோறும் கொடுக்கும் தினக்காலண்டரில் கம்பெனிப் பெயருக்குக் கீழே முதலாளியின் செல்பேசி எண்தான் இதுவரை அச்சாகும். இரவு பத்து மணிக்குக்கூட டீலர்கள் அந்த எண்ணுக்குத்தான் கூப்பிடுவார்கள். அடுத்த ஆண்டுக் காலண்டரில் எந்த எண்ணைப் போடுவது என்று சிவகாசி அச்சகத்திலிருந்து இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். புரூஃப் இன்னும் அவர் மேசைமேல்தான் இருக்கிறது.